கல்லூரியில் சேர்ந்தாச்சு, முதல் வங்கிக் கணக்கை எங்கே, எப்படித் தொடங்குவது?

சேர்க்கை முடிந்த வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் கேட்பார்கள். உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் அதுதான் வேண்டும், வீட்டிலிருந்து செலவுக்குப் பணம் அனுப்பவும் அதுதான் வேண்டும். அந்த அவசரத்தில் கண்ணில் பட்ட வங்கியில் கணக்கைத் தொடங்கிவிட்டு, பிறகு அதைச் சரிசெய்ய வருடக் கணக்கில் அலைபவர்கள் நிறையப் பேர். என் தங்கையோடு வங்கிப் படி ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் முதலாம் ஆண்டு சேருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

மாணவரின் கணக்கு பெரும்பாலான நாட்கள் காலியாகத்தான் கிடக்கும். அதனால் வட்டி எவ்வளவு, ஆப் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. காலியாகக் கிடக்கும்போது காசு பிடிப்பார்களா, வர வேண்டிய உதவித்தொகை ஒழுங்காக வந்து விழுமா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். வட்டி விஷயம் இவ்வளவுதான்: 2025 ஜூன் முதல் எஸ்பிஐயில் சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீதம். ஐயாயிரம் ரூபாயை வருடம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்தாலும் 125 ரூபாய்தான் வரும்.

1. பழைய கணக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்

அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்திருந்தால், உதவித்தொகைக்காகப் பள்ளியிலேயே உங்கள் பெயரில் ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பாஸ்புக் அம்மாவின் பீரோவில் கிடக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்கள் ஆதார் இன்னும் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருந்தால், அரசுப் பணம் அங்கேதான் போக முயலும். புதுக் கணக்கு தொடங்கி எண்ணைக் கல்லூரியில் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

கண்டுபிடிப்பது எளிது. ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால், 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி, இணைப்பு செயலில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். கணக்கு எண்ணைக் காட்டாது, வங்கியின் பெயர் மட்டும்தான் தெரியும்.

பழைய கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்து, வங்கியும் பக்கத்தில் இருந்தால் புதிதாகத் தொடங்கவே வேண்டாம். ஆதார், பான், புது போட்டோ, புதுக் கையெழுத்து கொடுத்து அதையே உயிர்ப்பித்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்து முடங்கிப் போயிருந்தாலும், அதைத் திரும்பச் செயல்பட வைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

2. பெயரை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்

நம் ஊரில் மாணவர்களை அதிகம் அலையவிடுவது பணமோ படிவமோ இல்லை, இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா எம்' என்று இருக்கும். ஆதாரில் 'எம் கவிதா' என்றோ, இனிஷியலே இல்லாமல் 'கவிதா' என்றோ இருக்கும். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் போட முடியாது என்பதால் அதில் 'கவிதா முருகன்' ஆகிவிடும். மூன்றும் ஒரே பெண்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

இப்போதெல்லாம் விரல் ரேகை அல்லது ஓடிபி வைத்துக் கணக்கு தொடங்கும்போது, ஆதாரில் இருக்கும் பெயர் அப்படியே கணக்கில் ஏறிவிடுகிறது. அதனால் ஆதாரைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றிவிட்டால் பின்னால் எல்லாம் அதை ஒட்டியே வரும். இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பதைப் பெரும்பாலான கிளைகளில் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறுவதும் பிறந்த தேதி மாறுவதும்தான் வம்பு. இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆதாரில் பெயர், முகவரி, மொபைல் எண் மாற்ற மையத்தில் 75 ரூபாய். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. எனவே ரசீதில் எழுத்துக்கூட்டலைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு பொறி. சிறு வயதில் ஆதார் எடுத்தவர்கள் 15 வயதுக்குப் பிறகு விரல் ரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிய வேண்டும். பதியாவிட்டால் வங்கி மெஷினில் எத்தனை தடவை விரல் வைத்தாலும் ஒத்துப்போகாது. 15 முதல் 17 வயதுக்குள் ஒரு முறை இதை இலவசமாகச் செய்யலாம், அதைத் தாண்டினால் 125 ரூபாய். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்ததும், கல்லூரி திறப்பதற்கு முன்பே ஆதார் வேலையை முடித்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் ஆதார் மையங்களில் டோக்கன் கிடைப்பதே பெரும் பாடு.

3. எந்த வங்கி, எந்த வகைக் கணக்கு

என் பரிந்துரை: கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் அரசு வங்கிக் கிளை. எல்லாம்தான் போனிலேயே நடக்கிறதே, கிளை எதற்கு என்று தோன்றும். உதவித்தொகை வராமல் நிற்கும் நாளில், பாஸ்புக்கை நீட்டி ஒரு மனிதரிடம் கேட்க முடிவதன் அருமை தெரியும். எப்படியும் கல்விக் கடன் வாங்கப்போகிறோம் என்றால் மட்டும், பெற்றோருக்கு ஏற்கெனவே கணக்கு உள்ள கிளையில் முதலில் பேசிப் பாருங்கள். தெரிந்த கிளையில் கடன் பேச்சு சற்று எளிதாக நகரும்.

மினிமம் பேலன்ஸ் தொல்லை அரசு வங்கிகளில் இப்போது பெரும்பாலும் இல்லை. எஸ்பிஐ 2020-லேயே அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் முதலும், இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவை 2025 ஜூலையிலும் எடுத்தன. தனியார் வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வேறு மாதிரி. ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுக் கணக்குகளுக்கு மாதச் சராசரி 50,000 ரூபாய் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் 15,000 ஆக இறக்கியது. மாணவரால் அதுவும் ஆகாத காரியம்.

தனியார் வங்கிகளிலும் மாணவர்களுக்கென்று ஜீரோ பேலன்ஸ் கணக்குகள் உண்டு, கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டுத் தொடங்கித் தருவார்கள். தொடங்கலாம், தவறில்லை. 'எந்த வயது வரைக்கும் ஜீரோ பேலன்ஸ், அதற்குப் பிறகு என்ன ஆகும்' என்று மட்டும் கேளுங்கள். படிப்பு முடிந்ததும் சாதாரணக் கணக்காக மாறி மினிமம் பேலன்ஸ் கேட்கத் தொடங்கும் வகைகள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் நீங்கள் பணம் போடுவதை நிறுத்திவிட்ட காலமாகப் பார்த்து அபராதம் ஏறும். அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

எந்த வங்கியிலும் கேட்டு வாங்கக்கூடிய ஒன்று, 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு'. ஜன் தன் கணக்கும் இதே வகைதான். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, பணம் போட எண்ணிக்கை வரம்பு கிடையாது, மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. கவுண்டரில் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கிராமத்திலிருந்து போய் வருகிறவர்களுக்கு அஞ்சலகமும் நல்ல வழி. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய் இருக்க வேண்டும், வட்டி 4 சதவீதம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி என்பது இதிலிருந்து தனி. அதில் ஜீரோ பேலன்ஸ் உண்டு, நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

போனிலேயே ஐந்து நிமிடத்தில் ஓடிபி மட்டும் கொடுத்துத் தொடங்கும் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுமையான கணக்கு அல்ல. இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருடத்துக்குள் நேரிலோ வீடியோ அழைப்பிலோ முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள். மூன்றாம் செமஸ்டர் கட்டணம் கட்டப்போகும் நேரத்தில் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. 18 வயது ஆகாதவர்கள்

முதலாம் ஆண்டு சேரும்போது பாதிப் பேருக்கு 17 வயதுதான். 2025-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம், எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். இருந்தாலும் பல கிளைகளில் 'அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வா' என்றுதான் சொல்கிறார்கள். வாதாடிக்கொண்டிருப்பதைவிட முதல் தடவையே கூட்டிப்போவது நல்லது.

18 முடிந்ததும் புதிதாகக் கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்துக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒரு நாள் பணம் எடுக்க முடியாமல் நிற்கும். பிறந்தநாள் ஒன்றிரண்டு மாதத்தில் வருகிறது, உதவித்தொகை அவசரமும் இல்லை என்றால் 18 ஆகும்வரை பொறுத்திருந்து ஒரே வேலையாக முடித்துவிடலாம்.

5. பையில் எடுத்துப் போக வேண்டியவை

ஆதார் அசலும் இரண்டு ஜெராக்ஸும். பான் கார்டு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூன்று. கல்லூரி அடையாள அட்டை, அது இன்னும் வரவில்லை என்றால் சேர்க்கைக் கடிதமோ போனஃபைட் சான்றிதழோ. ஆதாரில் பதிந்த சிம் உள்ள போன், சார்ஜோடு. நீல நிறத்தில் எழுதும் பேனா. வங்கியில் பேனாவைக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள், அது எழுதாது.

பான் இல்லையா? 18 முடிந்திருந்து ஆதாரில் மொபைல் எண் பதிந்திருந்தால், வருமான வரித்துறை இணையதளத்தில் உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். இதற்கு நெட் சென்டரில் இருநூறு, முந்நூறு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பான் இல்லாமலும் கணக்கு தொடங்கலாம். 'பான் இல்லை' என்று ஓர் உறுதிமொழிப் படிவம் தருவார்கள், காலம் காலமாக அதைப் படிவம் 60 என்றே சொல்லி வருகிறார்கள்.

ஊர் முகவரி ஆதாரில் இருக்கிறது, தங்கியிருப்பதோ விடுதியில். இதற்காக ஆதார் முகவரியை மாற்ற வேண்டாம். ஆதார் வழி சரிபார்ப்பில் தொடங்கினால், இப்போதைய முகவரி இதுதான் என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம் என்று விதி இருக்கிறது. ஏடிஎம் கார்டு தபாலில் எந்த முகவரிக்கு வரும் என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விடுதிக்கு வரும் தபால், வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போவது வழக்கம். பெயர் அச்சிடாத கார்டைக் கிளையிலேயே கையில் தருவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள்.

'இந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்து போட வேண்டும்' என்று யாராவது சொன்னால், அது பழைய காலத்து வழக்கம். ஆவணங்கள் சரியாக இருந்தால் அறிமுகம் கட்டாயமில்லை.

6. வங்கியில்

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் வாரம் ஓய்வூதியக்காரர்கள் கூட்டம். 15-ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத்தொகை எடுக்க வருபவர்கள் கூட்டம். 20 தேதிக்கு மேல் ஒரு வார நாளில், காலை பத்தரை வாக்கில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

படிவத்தில் மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும். அப்பா எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு ஓடிபிக்கும் ஊருக்குப் போன் போட வேண்டியிருக்கும், யுபிஐயும் உங்கள் போனில் வேலை செய்யாது. சிம் அப்பா பெயரில் இருந்தால் பரவாயில்லை, 18 வயதுக்குள் உங்கள் பெயரில் சிம் வாங்கவே முடியாது. அடுத்தது கையெழுத்து. பானில் போட்ட மாதிரியே போடுங்கள். மூன்றாவது நாமினி. அம்மா பெயரை எழுதிவிடுங்கள், காலியாக விடாதீர்கள்.

படிவத்தோடு படிவமாகக் காப்பீட்டுத் தாள்களையும் நீட்டுவார்கள். 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு என்று இரண்டு அரசுத் திட்டங்கள். இரண்டும் விருப்பத் திட்டங்கள், ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். 20 ரூபாய்த் திட்டம் 2 லட்சத்துக்கானது, எடுத்துக்கொள்ளலாம். மற்றதை வீட்டில் கேட்டு முடிவு செய்யுங்கள். தனியார் காப்பீட்டு பாலிசி எடுத்தால்தான் கணக்கு என்றால், அந்தக் கிளையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடமும் ஒரு கிளையில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். 'எழுதிக் கொடுங்கள் சார்' என்றதும் பேச்சு மாறியது.

பாஸ்புக் அன்றைக்கோ மறுநாளோ கிடைத்துவிடும். தபாலில் வரும் கார்டுக்கு வாரம், பத்து நாள் பிடிக்கும்.

7. ஆதார் சீடிங்: இதற்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்களும் மற்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்களும் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும்.

கணக்கு தொடங்க ஆதார் கொடுத்ததாலேயே உதவித்தொகைக்கு ஆதார் இணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வங்கியின் பதிவேட்டில் ஆதார் எண் இருப்பது ஒன்று. அரசு மானியம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்காக (இதைத்தான் டிபிடி என்கிறார்கள்), வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே அந்த வங்கியின் பெயர் ஏறுவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயர்தான் சீடிங். அதற்குத் தனிச் சம்மதப் படிவம் இருக்கிறது. 'டிபிடிக்கு ஆதார் சீடிங் பண்ணணும், என்பிசிஐ படிவம் கொடுங்க' என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். 'ஆதார் லிங்க் ஆகிடுச்சும்மா' என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் இருக்க முடியும். கடைசியாக எதைச் சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். நடுவில் வேறு ஏதோ ஓர் ஆப்பில் கணக்கு தொடங்கி, அங்கே சம்மதக் கட்டத்தை டிக் செய்துவிட்டால் பணம் அங்கே திரும்பிவிடும். வகுப்பில் எல்லோருக்கும் பணம் வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படிவம் கொடுத்து நான்கைந்து வேலை நாள் கழித்து, முதல் படியில் சொன்ன இணையதளத்தில் மறுபடி பாருங்கள். புது வங்கியின் பெயர் வந்து, 'ஆக்டிவ்' என்று காட்ட வேண்டும். வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் கல்லூரியில் யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவைப் பார்க்கும் பொறுப்பாளரிடம் போய் விவரம் கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் திரும்ப ஒரு சுற்று.

8. எங்கெங்கே காசு பிடிப்பார்கள்

சாதாரணக் கணக்கின் ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. சாதாரண ரூபே கார்டு கேளுங்கள். பளபளப்பான பிளாட்டினம் கார்டு கொடுத்தால் கட்டணமும் கூடும். எஸ்எம்எஸ் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில்லறையாகப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி.

ஏடிஎம்மில் சொந்த வங்கியில் மாதம் 5 முறை இலவசம். பிற வங்கியில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை. பணம் எடுக்காமல் பேலன்ஸ் மட்டும் பார்த்தாலும் அதுவும் கணக்கில் சேரும். தாண்டினால் ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. நூறு ரூபாய் எடுக்க இருபத்தேழு ரூபாய் கொடுத்த கதை இப்படித்தான் நடக்கிறது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை, தவணைப் பிடித்தம். போன் தவணைக்கோ ஏதாவது சந்தாவுக்கோ தானியங்கிப் பிடித்தத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் என்று நூற்றுக்கணக்கில் பிடிப்பார்கள். உதவித்தொகை விழும் கணக்கில் எந்தத் தானியங்கிப் பிடித்தமும் வேண்டாம்.

9. யுபிஐ

வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். ஏடிஎம் கார்டு எண் அல்லது ஆதார் ஓடிபி வைத்து யுபிஐ பின் நம்பரை அமைக்கலாம். முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, அதனால் கட்டணம் கட்டும் கடைசி நாளில் போய் யுபிஐ தொடங்காதீர்கள். பணம் வாங்குவதற்கு யாருக்கும் எங்கேயும் பின் நம்பர் போடத் தேவையில்லை.

10. கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்

'உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வர்ற பணத்தை எடுத்துக் கொடுத்தா கமிஷன்' என்று சீனியர் வழியாகவோ டெலிகிராம் வழியாகவோ கேட்பார்கள். பாஸ்புக், கார்டு, சிம் மூன்றையும் மொத்தமாக விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கில் வந்து விழுவது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். கணக்கு முடக்கப்பட்டால் உதவித்தொகையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தெரியாத எண்ணிலிருந்து தவறுதலாகப் பணம் வந்துவிட்டது, திருப்பி அனுப்பு என்று கேட்டாலும் நீங்களாக அனுப்பாமல் வங்கியில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பணமே போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள்.

11. வங்கி பதில் சொல்லவில்லை என்றால்

கிளையில் வாயால் சொல்வது கணக்கில் வராது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது வங்கியின் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. புகார் எண்ணும் தேதியும் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

12. படிப்பு முடியும் மாதத்தில்

வேலைக்குச் சேரும் நிறுவனம் சம்பளக் கணக்கை வேறு வங்கியில் தொடங்கச் சொல்லும். அப்போது மாணவர் கணக்கை என்ன செய்வது என்று முடிவெடுங்கள். ஜீரோ பேலன்ஸாகவே தொடரும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வருடத்தில் ஓரிரு முறையாவது வரவு செலவு செய்தால் முடங்காது. மினிமம் பேலன்ஸ் வரப்போகிறது என்றால் மூடிவிடுங்கள். தொடங்கி ஒரு வருடத்துக்குள் மூடினால்தான் பல வங்கிகளில் கட்டணம், அதற்குப் பிறகு பெரும்பாலும் இருக்காது. மூடும் முன் கடைசி உதவித்தொகைத் தவணை வந்துவிட்டதா என்று பாருங்கள். படிப்பு முடிந்து பல மாதம் கழித்தும் அது வரும்.